கழலாத ஃப்ளைவீலும் கிருபாசங்கரின் பொறுமையும்

ஏழு போல்ட்டுகள் கழன்றுவிட்டன. எட்டாவது மட்டும் வர மாட்டேன் என்றது.

கிருபாசங்கர் ஸ்பேனரைக் கீழே வைத்தான். மற்ற நாளாக இருந்தால் வைத்திருக்க மாட்டான், வீசியிருப்பான். சூலூரில் அவனுடைய ஒர்க்‌ஷாப்பின் பின்சுவரில் பூச்சு உதிர்ந்த பள்ளங்கள் நிறைய உண்டு. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வண்டியின் ஞாபகார்த்தம். அவன் மனிதர்களை அடித்ததில்லை, இரும்பைத்தான் திட்டுவான். ஆனால் அவன் திட்டுவது பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்கும்.

இன்று அவன் திட்டக்கூடாது. முந்தாநாள் அம்மா சாந்தாமணி போன் பண்ணிச் சொல்லியிருந்தாள்.

“அன்னூர்ப் பொண்ணு ஊட்டுல எல்லாம் பிடிச்சுப்போச்சாம் கண்ணு. ஜாதகமும் சேந்துருச்சு. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க, பையன் கோவக்காரனாமேன்னு.”

“நீ என்னம்மா சொன்ன?”

“எம் பையனா, எறும்பு குறுக்க வந்தாக்கூட நின்னு வழி விடுவானுங்கன்னு சொல்லிப்போட்டேன்.”

“ஏம்மா இப்படி?”

“பின்ன என்னத்தச் சொல்லட்டும்? அவங்க ஆளு ஒருத்தரு சொல்லாம கொள்ளாம வந்து பாத்துட்டுப் போவாராம். ரெண்டு நாளைக்கு வாயை மூடிட்டு இரு சாமி. உனக்குக் கோடி புண்ணியம்.”

பெண்ணின் பெயர் சண்முகப்பிரியா. ஒரு பம்பு கம்பெனியில் டெஸ்டிங்கில் இருக்கிறாள். “பம்பு ஓடுதான்னு பாக்கறதில்லையாம், உடையற வரைக்கும் ஓட்டிப் பாக்கறதுதான் அந்தப் புள்ளையோட வேலையாம். என்ன வேலையோ போ” என்று அம்மா சலித்துக்கொண்டாள். கிருபாவுக்கு அந்த வேலை மிகவும் பிடித்திருந்தது. போட்டோவில் அவள் கம்பெனிக் கோட்டுடன் ஒரு பிரஷர் மீட்டர் பக்கத்தில் நின்றிருந்தாள். கேமராவைப் பார்த்துச் சிரிக்கவில்லை. மீட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் போட்டோவை அவன் இரண்டு நாளில் இருபது தடவையாவது எடுத்துப் பார்த்திருப்பான்.

அவனுக்கு வயது முப்பத்தாறு. மூன்று சம்பந்தங்கள் கைநழுவிப் போயிருந்தன. கடைசியாக வந்த பெண்ணின் பெரியப்பா ஒர்க்‌ஷாப் வாசலில் கால் வைத்தபோது, கிருபா ஒரு ரேடியேட்டரின் ஏழு தலைமுறையை இழுத்துக்கொண்டிருந்தான். பெரியவர் வைத்த காலை அப்படியே எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்கப்புறம் ஒரு வருஷம் யாரும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சிநேகிதர்கள் எல்லாம் பிள்ளை குட்டிகளோடு மருதமலைக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் போக, அவன் ஒர்க்‌ஷாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, வராத வண்டிக்காகக் காத்திருப்பான். இந்தச் சம்பந்தமும் போனால் தாங்காது என்று அவனுக்கே தெரிந்திருந்தது.

இப்படிப்பட்ட நேரம் பார்த்துத்தான் இந்த ஃப்ளைவீல் வந்து சேர்ந்தது.

இருபது வருஷப் பழைய வெள்ளைக் கார் அது. நேற்றுக் காலை நஞ்சப்பன் என்ற டிரைவர் கொண்டுவந்து விட்டார். காக்கிச் சட்டை, நரைத்த மீசை, அதிகம் பேசாத ஆள். “எண்ணெய் ஒழுகுதாமுங்க. ஃப்ளைவீலைக் கழட்டி, உள்ள இருக்கற ஆயில் சீலை மாத்தோணுமாமுங்க. வேற எதையும் தொட வேண்டாம்னு சொல்லிட்டாங்க” என்றார். நேற்றே எஞ்சினைச் சங்கிலி போட்டுத் தூக்கி வெளியே எடுத்து, மரக்கட்டைகள்மேல் உட்கார வைத்தாயிற்று. கிளட்சையும் கழற்றியாயிற்று. எஞ்சினின் பின்பக்கம் ஒரு பெரிய தோசைக்கல் அளவுக்கு, ஓரமெல்லாம் பல்லோடு, ஃப்ளைவீல் மட்டும் உட்கார்ந்திருந்தது. எட்டு போல்ட்டை எடுத்தால் கையோடு வந்துவிட வேண்டிய சாமான்.

நஞ்சப்பன் இன்றைக்கும் காலையிலேயே வந்துவிட்டார். வேலை முடியாமல் போவதில்லை என்று சொல்லி, காரின் பின்சீட்டில் சாய்ந்து, பேப்பரை விரித்து முகத்தின்மேல் போட்டுக்கொண்டார்.

ஒன்பது மணிக்கு இன்னொருவர் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கக்கத்தில் ஒரு மஞ்சள் பை. கோயமுத்தூர் பஸ்ஸிலிருந்து இறங்கினார். இப்படியும் அப்படியும் பார்த்தார். நேராக வந்து ஒர்க்‌ஷாப் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார்.

கிருபா அவரை ஓரக்கண்ணால் அளந்தான். ரிப்பேருக்கு வண்டி இல்லை, அவசரம் இல்லை, கேட்டால் காரணமும் இல்லை. அவர்தான்!

“தம்பிக்கு எந்த ஊருங்க?”

“இதே ஊருதானுங்க.”

“சொந்த ஊடுங்களா?”

“ஆமாங்க.”

“தோட்டம் இருக்குதுங்களா?”

“ரெண்டு ஏக்கருங்க.”

“கெணத்துல தண்ணி?”

“கெடக்குதுங்க.”

இந்தப் பக்கத்தில் முன்பின் தெரியாதவரிடம் இதையெல்லாம் கேட்பது மணி என்ன என்று கேட்பது போலத்தான். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காருகிறவர்கூடக் குலதெய்வம் வரைக்கும் விசாரித்துவிட்டுத்தான் டிக்கெட் எடுப்பார். ஆனாலும் கிணற்றுத் தண்ணீர் வரைக்கும் வந்துவிட்டதால் கிருபாவுக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. அவர் பேரைக் கேட்டான். பாலுசாமி என்றார்.

இனி எட்டாவது போல்ட்டை மரியாதையாகத்தான் கழற்றியாக வேண்டும்.

ஸ்பேனரின் வாலில் ஒரு நீளப் பைப்பைச் செருகினான். அழுத்தினால் எஞ்சினே சேர்ந்து சுற்றியது. சுற்றாமல் இருக்க, ஃப்ளைவீலின் பல்லுக்குக் குறுக்கே ஒரு பெரிய ஸ்க்ரூட்ரைவரைக் கொடுத்து, பைப்பில் முழு உடம்பையும் போட்டுத் தொங்கினான். மடேரென்று ஒரு சத்தம். போல்ட் வந்துவிட்டது. கூடவே சக்கரத்தின் ஒரு பல்லும் வந்துவிட்டது.

வசவு வாய் வரைக்கும் வந்தது அவனுக்கு. பெஞ்சைப் பார்த்தான். பாலுசாமி பார்த்துக்கொண்டிருந்தார்.

“பரவாயில்லீங்க” என்றான் கிருபா, ஃப்ளைவீலைப் பார்த்து.

பின்சீட்டில் நஞ்சப்பனின் போன் மணி அடித்தது. பேப்பருக்கு அடியிலிருந்தே எடுத்துப் பேசினார். “இன்னும் இல்லை அம்மணி. ஆமா, பாத்துட்டேதான் இருக்கறேன்.”

ஓனர் வீட்டில் கார் ரெடியா என்று கேட்கிறார்கள் போலிருக்கிறது. கிருபா வேலையை வேகப்படுத்தினான்.

எட்டு போல்ட்டும் இல்லாத ஃப்ளைவீல் இப்போது தானாக வந்து விழ வேண்டும். விழவில்லை. கையால் இழுத்தான். மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் நாலு பக்கமும் தட்டினான். துருவை இளக்கும் எண்ணெயை அடித்துவிட்டு அரைமணி நேரம் காத்திருந்தான். காத்திருந்த நேரத்தில் பாலுசாமிக்குப் பக்கத்துப் பேக்கரியிலிருந்து டீயும் தேங்காய் பன்னும் வாங்கிக் கொடுத்தான். அவர் தேங்காய் பன்னை ரசித்துச் சாப்பிட்டார். ஃப்ளைவீல் இருந்த இடத்திலேயே இருந்தது.

கடப்பாரையை எடுத்து இடுக்கில் கொடுத்து நெம்பினான். கடப்பாரை வழுக்கிப் போய், எஞ்சினின் ஓரத்தில் ஸ்டார்ட்டர் மோட்டார் மாட்டுகிற இரும்புக் காதில் விழுந்தது. காது உடைந்து கீழே விழுந்தது.

கிருபா குனிந்து அந்தக் காதை எடுத்தான். உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தான். தொண்டைக்குள் ஒரு சொல் உருண்டது. அதை எச்சிலோடு விழுங்கினான்.

“அதுக்கு வலிச்சிருக்குமுங்க” என்றான் மெல்ல.

“தம்பி ரொம்பப் பொறுமைங்க” என்றார் பாலுசாமி.

அந்த ஒரு சொல்லுக்காக அவன் இன்னும் நாலு காதுகூட உடைத்திருப்பான். உற்சாகமாக அடுத்த வழிக்குப் போனான். ஃப்ளைவீலில் இரண்டு சின்ன மரை ஓட்டைகள் இருந்தன. அதில் போல்ட்டைப் போட்டு முறுக்கினால், போல்ட்டின் முனை எஞ்சினை உதைத்துக்கொண்டு ஃப்ளைவீலை வெளியே தள்ளும். புத்திசாலிகள் செய்கிற வழி இது. இடது பக்கம் ஒரு சுற்று, வலது பக்கம் ஒரு சுற்று என்று இரண்டு மருமகளையும் ஒரே மாதிரி பார்க்கும் மாமியார் போல நிதானமாக முறுக்கினான். எட்டாவது சுற்றில் இடது போல்ட்டின் தலை முறிந்து கையோடு வந்தது. உடம்பு ஓட்டைக்குள்ளேயே தங்கிவிட்டது.

நஞ்சப்பனின் போன் மறுபடி அடித்தது. “இல்லை அம்மணி. எனக்கே ஆச்சரியமாத்தான் இருக்குது.”

வேறு வழியில்லாமல் கிருபா எதிர்க் கடையிலிருந்து முஜீபைக் கூப்பிட்டான். முஜீப் கேஸ் வெல்டிங் பண்ணுகிறவன், பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதன்.

“ஏனுங்க முஜீப், கொஞ்சம் சூடு பண்ணிக் கொடுக்கறீங்களா?”

முஜீப் நின்ற இடத்தில் நின்றுவிட்டான். “என்றா ஆச்சு உனக்கு?”

“ஒண்ணும் ஆகலீங்க.”

“காய்ச்சல் ஏதும் அடிக்குதாடா?”

கிருபா கண்ணால் பெஞ்சைக் காட்டினான். முஜீபுக்கு ஒன்றும் புரியவில்லை. பெஞ்சுக்கு என்ன ரிப்பேர் என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தான். பிறகு டார்ச்சைப் பற்றவைத்தான்.

நீல நெருப்பு ஃப்ளைவீலின் நடுவே விழுந்தது. பத்து நிமிஷம் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. காலையில் அடித்த துரு எண்ணெயை இருவருமே மறந்திருந்தார்கள். அது குப்பென்று பிடித்துக்கொண்டது. நெருப்பு எண்ணெய்த் துணிக்குத் தாவியது. துணியிலிருந்து, ஆணியில் மாட்டியிருந்த நீலச் சட்டைக்குத் தாவியது. பெண் வீட்டு ஆள் வந்ததும் போட்டுக்கொள்ள அம்மா இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டை அது. கிருபா மணல் வாளியை எடுத்துக் கொட்டி நெருப்பை அணைத்தபோது ஒரு காலரும் இரண்டு பட்டனும் மிஞ்சியிருந்தன.

முஜீப் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றான். ஒன்றும் வரவில்லை. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான்.

“திட்டுடா” என்றான்.

“எதுக்குங்க திட்டோணும்? நெருப்புன்னா சுடத்தானுங்க செய்யும்.”

“டேய், ‘ங்க’ போடாதடா. பயமா இருக்குது. அம்மாளுக்குப் போன் பண்ணட்டா?”

அந்த நேரத்தில்தான் பாலுசாமி பெஞ்சிலிருந்து எழுந்தார். வேட்டியை உதறிக் கட்டினார். மஞ்சள் பையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மெல்ல உள்ளே வந்தார். கிருபா கரி படிந்த பனியனோடு நிமிர்ந்து நின்றான்.

“தம்பி, உங்ககிட்ட ஒண்ணு மனசு விட்டுக் கேக்கலாமுங்களா?”

“கேளுங்க.”

“காலையில இருந்து பாத்துட்டிருக்கறேன். உங்களை மாதிரி ஒரு தங்கமான மனுசனை நான் பாத்ததில்லீங்க. நீங்க சொன்னாச் சரியா இருக்கும்.” குரலைத் தாழ்த்தினார். “பக்கத்து செல்போன் கடையில இருக்கற ரித்விக்னு பையன் எப்படிங்க? எங்க தங்கச்சி புள்ளைக்குப் பாக்கறோம். இந்தப் பெஞ்சுல உக்காந்தாத்தான் அந்தக் கடை நல்லாத் தெரியுது.”

கிருபா கையிலிருந்த கரியைப் பனியனில் துடைத்துக்கொண்டான்.

“நல்ல பையனுங்க” என்றான். “யாரையும் ஏமாத்த மாட்டானுங்க. தாராளமாக் கொடுக்கலாம்.”

“ரொம்பச் சந்தோசமுங்க.” பாலுசாமி கை கூப்பினார். இரண்டடி போனவர் திரும்பினார். “உங்களுக்கு எத்தனை குழந்தைங்க?”

“இன்னும் கல்யாணமே ஆகலீங்க.”

“அட! இத்தனை பொறுமையைப் பாத்துட்டு, கல்யாணமாகிப் பத்து வருசம் இருக்கும்னு நெனைச்சுட்டனுங்க.”

திருப்பூர் பஸ் வந்தது. பாலுசாமி ஏறிக்கொண்டார். ஜன்னல் வழியாகக் கையையும் ஆட்டினார். கிருபாவும் பஸ் மறைகிற வரைக்கும் பதிலுக்குக் கை ஆட்டினான்.

கையைக் கீழே இறக்கினான். சுவரோரம் சாய்த்து வைத்திருந்த சம்மட்டியை எடுத்தான்.

“முஜீப்,” என்றான். “தள்ளி நில்றா.”

‘டா’ வந்ததும் முஜீபின் முகத்தில் உயிர் வந்தது.

முதல் அடி விழுந்தது. “ஏண்டா எளவெடுத்த சக்கரமே!” சூடு ஆறாத ஃப்ளைவீல் கிண்ணென்றது. “காலையில இருந்து உனக்கு ‘ங்க’ போட்டனே, நாய்க்குப் போட்டிருந்தாலும் வாலை ஆட்டியிருக்குமே!” இரண்டாவது அடி. “உன்னை உருக்கி ஊத்துனானே, அவன் அடுப்புல பூனை படுக்க!” மூன்றாவது. “உன்னைப் பூட்டுனானே, அவன் கையில புத்து வெக்க!” காலையிலிருந்து விழுங்கியதெல்லாம் வரிசை தவறாமல் வெளியே வந்தது. பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாசோடு வாசலுக்கு வந்தார்கள். பின்சீட்டில் நஞ்சப்பன் முகத்தின்மேலிருந்த பேப்பரை எடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். ஸ்டார்ட்டரின் காது, சட்டையின் காலர், ரேடியேட்டரைப் பார்த்துவிட்டு ஓடிய பெரியப்பா, செல்போன் கடை ரித்விக்கின் அதிர்ஷ்டம் என்று ஒன்றையும் அவன் விடவில்லை.

பதினோராவது அடியில் ஃப்ளைவீல் அசைந்தது. பன்னிரண்டாவதில் கழன்றுவிட்டது.

கழன்றது சும்மா விழவில்லை. கட்டையில் மோதி, விளிம்பில் நிமிர்ந்து, நேராக முஜீபை நோக்கி உருண்டது. முஜீப் அதைப் பார்த்தபடி சிலையாக நின்றான். கிருபா சம்மட்டியைப் போட்டுவிட்டுப் பாய்ந்து அவனைத் தள்ளினான். இருவரும் மணலில் விழுந்தார்கள். ஃப்ளைவீல் கிருபாவின் செருப்பு ஒன்றின்மேல் ஏறிப் படுத்துக்கொண்டது.

கோபம் போன இடம் தெரியவில்லை. கிருபா எழுந்து உட்கார்ந்து முஜீபின் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். விரல் விரலாக அமுக்கிப் பார்த்தான்.

“வலிக்குதாடா? அசைச்சுப் பாரு. இந்த வெரலு? இது?”

“ஒண்ணுமில்லைடா. தட்டவே இல்லை.”

“பொய் சொல்லாதடா. நல்லா அசை.” “என்ற கல்யாணக் கூத்துக்கு உன்ற காலு போயிருந்தா நான் என்னடா பண்ணுவேன்?”

ஐந்து விரலும் அசைந்ததை இரண்டு தடவை பார்த்த பிறகுதான் அந்தக் காலை விட்டான். மெல்ல எழுந்து செருப்பின்மேலிருந்த ஃப்ளைவீலைப் புரட்டினான். புரட்டியவன் அப்படியே நின்றான்.

உள்பக்கத்தில் துரு ஒரு பொட்டுகூட இல்லை. நடுவட்டம் முழுக்கப் பச்சைப் பச்சையாக ஏதோ காய்ந்து கிடந்தது. விரலால் சுரண்டி மோந்து பார்த்தான். பேரிங் எந்தக் காலத்திலும் கழன்று வரக்கூடாது என்று பம்புகளில் வைக்கிற பசை. வைத்து நாலு நாள்கூட ஆகியிருக்காது. எண்ணெய் கசிவுக்கு வந்த வண்டியில், உள்ளே இருந்த ஆயில் சீலும் புத்தம் புதிதாக இருந்தது.

நஞ்சப்பன் காரிலிருந்து இறங்கினார். காக்கிச் சட்டையைக் கழற்றி மடித்து சீட்டில் வைத்தார். உள்ளே வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். போனைக் காதில் வைத்து, “ஆச்சு அம்மணி, இப்பத்தான் ஆச்சு” என்று மட்டும் சொல்லி வைத்தார்.

கிருபா அவர் பக்கம் திரும்பினான். “டிரைவரண்ணா, இங்க வந்து பாருங்க! ஃப்ளைவீலை எந்த ஊர்லயாச்சும் பசை போட்டு ஒட்டுவாங்களா? எந்தக் கிறுக்கனுங்க இந்த வேலையைப் பண்ணுனது?”

நஞ்சப்பன் மீசையைத் தடவிக்கொண்டு நிதானமாக வந்து அவன் தோளில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டார்.

“கிறுக்கன் இல்லீங்க மாப்பிள்ளை, எங்க சண்முகப்பிரியாதான். ‘உடையற வரைக்கும் உக்காந்து பாருங்க மாமா, உடைஞ்ச பொறவு மொதல்ல என்ன பண்றாருன்னு மட்டும் எனக்குச் சொல்லுங்க’ன்னு சொல்லி அனுப்புச்சு.”